மூணு காய்க்கு ஆறு

என் தங்கச்சி விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நான் திண்டிவனத்தில் இருக்கிறேன், எட்டாவதோடு நின்றவள். இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

நான் நின்றதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். சடங்கு, சீர் என்று ஒரு மாதம் போனது. "போம்மா ஸ்கூலுக்கு" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அந்த ஒரு மாதத்தில் கணக்கில் என்னென்ன நடத்தி முடித்திருப்பார்களோ, எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத்தான் பயம். நாளைக்குப் போகலாம், திங்கட்கிழமை போகலாம் என்று தள்ளித் தள்ளியே நின்றுவிட்டேன். மூன்று வருஷம் கழித்துத் தங்கச்சியும்தான் வயசுக்கு வந்தாள். பன்னிரண்டாம் நாள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு ஒரே மகள். நான் சொல்லப்போவது நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது நிறையவில்லை. தெருக்கோடி பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையில் எதையும் கொடுக்க எனக்குப் பயம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். புதுச்சேரி வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து என் வீட்டுத் தரையில் ஒரு கொட்டை கிடக்காது. கத்தரிக்கோல் பரணுக்குப் போனது. களிமண்ணில் பூச்சி இருக்கும். தண்ணீரில் கை வைத்தால் சளி. கோலமாவு கண்ணில் விழும். பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் களிமண் கொடுக்கிற நாளில் நான் போய், "டீச்சர், அவளுக்கு மட்டும் வேணாங்க, ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் டிவி போட்டுவிடுவேன். டிவியை மூக்கில் போட்டுக்கொள்ள முடியாது இல்லையா.

வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். ஊரெல்லாம் சுற்றுகிறவருக்குப் பயம் கிடையாது. "இன்னாமே, பொண்ண கண்ணாடித் தொட்டில வெச்சி வளக்கிற? மீனுதான் அப்டி வளரும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் சொல்வார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். தங்கச்சி வந்து மகளை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவளுடைய பையன் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தான், அவனை அவள் மாமியார் பார்த்துக்கொள்வார். என் மகளை அவள் தினமும் தன் வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பதினைந்து நாள். காய்ச்சல் விட்டு, நடக்கத் தெம்பு வந்ததும் மகளைக் கூட்டிவர நானே போனேன். பள்ளிக்கூடத்திலேயே போய் நின்றேன்.

அந்த வகுப்பில் பெஞ்சு இல்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சின்னப் பாயை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் உயர அலமாரி, அதில் தட்டுத் தட்டாகச் சாமான்கள். எது வேண்டுமோ அதைப் பிள்ளையே போய் எடுத்துக்கொண்டு வருகிறது. ஒருத்தன் சட்டையல்லாத ஒரு துணியில் பட்டன் போட்டுப் போட்டுக் கழற்றினான். ஒரு பெண் மழுங்கின கத்தியால் வாழைப்பழம் நறுக்கினாள். கத்தி! இன்னொரு பிள்ளை அட்டையில் ஒட்டியிருந்த உப்புத்தாள் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து "அ... அ..." என்று சொல்லிக்கொண்டிருந்தது.

என் மகள் மூலையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு சின்ன ஜக்கு. ஒன்றில் கேப்பை. அதை மற்றதில் ஊற்றுகிறாள், திரும்ப இதில் ஊற்றுகிறாள். நாக்கு நுனி வாயோரம் வெளியே வந்திருந்தது. நாலு கேப்பை சிந்தியது. யாரும் அதட்டவில்லை. அவளே எழுந்துபோய் ஒரு குட்டித் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினாள்.

கேப்பையை ஊத்தறதுக்கு ஒரு ஸ்கூலா என்று மனசில் திட்டினேன். நான் வீட்டில் தினம் செய்கிற வேலை அது. அவள் கிட்டே வந்தால் "தள்ளிப் போ, கொட்டிடுவே" என்பேன். திட்டிக்கொண்டே பார்த்தபடி நின்றேன். அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதினைந்து நாள் கழித்துப் பார்க்கிறாள். ஓடிவருவாள் என்று கையை நீட்டிவிட்டேன். அவள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, குனிந்து, மிச்சமிருந்த கேப்பையை ஊற்றி முடித்து, தட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, பாயைச் சுருட்டி நிறுத்திவிட்டு, பிறகுதான் வந்தாள். நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டில் டீ குடிக்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"ஜூன்ல பாப்பாவுக்கு ஒண்ணாவது. எங்க ஸ்கூல்ல டீச்சருங்க ஊட்டுப் புள்ளைக்குன்னு ஆளுக்கு ஒரு சீட்டு தராங்க. எம்பையன் இன்னும் தவழ்ந்துக்கினு இருக்கான். இந்த வருசம் அந்த சீட்டு சும்மாதான் போவும். பாப்பாவ என்கிட்ட உட்டுடேன். சனிக்கிழம சனிக்கிழம நானே கொண்டாந்து உடறேன்."

"தெனம் பஸ்ல வந்து போவட்டுமே."

"அஞ்சு வயசுப் புள்ள தெனம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ல ஆடுமா? நீ உடுவியா மொதல்ல? ஜன்னலோரம் ஒக்காந்தா கை வெளிய நீட்டும், கதவோரம் ஒக்காந்தா விழுந்துடும்னு நீயே சொல்லுவே."

அவள் சொன்னது சரி. அதனால் இன்னும் கோபம் வந்தது. "அவர கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவரைக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "நல்லதுதானே? சித்தியும் அம்மா மாதிரிதான். அந்த மாதிரியெல்லாம் நம்மளால சொல்லிக்குடுக்க முடியுமா?" என்றார். நம்மளால என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு உன்னால என்றுதான் கேட்டது.

வீட்டுக்கு வந்த மகள் வேறு மகளாக இருந்தாள். தானே சட்டைப் பட்டன் போட்டாள். துண்டை நாலாக மடித்தாள். செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்ற நான் கை நீட்டினால், "நீ தள்ளும்மா. நானே" என்பாள். ஒருநாள் காலையில் இரண்டு தோசை சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் பதினொரு தடவை சித்தி என்றாள். எண்ணினேன். எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பன்னிரண்டாவது வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று ஒரு வீம்பு வந்தது. ஜனவரிக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். அதற்குள் மகளை என் பக்கம் திருப்பிவிட வேண்டும். திண்டிவனம் பஜாரில் ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் கேட்டேன்.

"மரத்துக்கா, இரும்புக்கா?" என்றார் கடைக்காரர்.

'அ'வுக்கு என்று சொல்லத் தெரியவில்லை. "மரத்துக்கு" என்றேன்.

பரணிலிருந்து கத்தரிக்கோலை இறக்கி, 'அ' வெட்டி, காலண்டர் அட்டையில் ஒட்டினேன். அ என்கிற எழுத்தை நான் கடைசியாக அவ்வளவு பெரிதாக எப்போது எழுதினேன் என்று ஞாபகமில்லை. சுழி ஒரு பக்கம் வீங்கிவிட்டது. மகள் ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். நாலு தடவை தேய்த்தாள்.

"அம்மா, எரியுது."

விரல் நுனி சிவந்துவிட்டது. கதவு தேய்க்கிற முரட்டுத் தாள் அது. மஞ்சள் வைத்தேன், தேங்காய் எண்ணெய் வைத்தேன், செப்டிக் ஆகுமோ என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். காலையில் அவள், "சித்தி எழுத்து எரியாதும்மா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொன்னாள்.

மார்கழியில் என் கொழுந்தனார் ஒலக்கூரிலிருந்து இரண்டு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து இறக்கினார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விதைக்கு மெஷினில் கொடுத்தால் பருப்பு உடையும், முளைக்காது. அதனால் கையால் உடைக்கிற வேலை வருஷா வருஷம் என்னிடம் வரும். மற்ற வருஷங்களில் மகளைப் பக்கத்தில் விடமாட்டேன். பருப்பு சரியாக மூக்குத் துவாரம் அளவு இருக்கும். அந்த வருஷம், அவள் வந்து உட்கார்ந்து "நானே" என்று கை நீட்டியபோது, எனக்குக் கேப்பை ஜக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஊற்றலாம், இங்கே உடைக்கக் கூடாதா?

ஆனாலும் பயம் விடவில்லை. யோசித்து யோசித்து, அவள் மூக்கு இரண்டிலும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! உயிரோட இருக்கற புள்ளைக்கு இன்னாமே பண்ணி வெச்சிக்கிற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூக்கில் பஞ்சு யாருக்கு வைப்பார்கள்? பிடுங்கி எறிந்துவிட்டு அழுதேன். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மகள் மட்டும் சிரித்தாள். தும்மிக்கொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு பஞ்சும் இல்லை, பயமும் கொஞ்சம் குறைந்தது. இதைவிடக் கெட்டதை நானே செய்துவிட்டேனே, இனி என்ன?

காயை எப்படிப் பிடிப்பது, அதன் மூக்கை எங்கே அழுத்தினால் 'டப்'பென்று வாய் பிளக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். முதல் நாள் முழுக்க மூன்று காய்தான் உடைத்தாள். மூன்றாம் நாள் பெருவிரல் பழகிவிட்டது. நாங்கள் மல்லாட்டையை எண்ணும்போது மேல்தோட்டைக் கணக்கில் வைக்கமாட்டோம். தோடு அடுப்புக்கு. எண்ணுவது பருப்பை. உடைக்காமலே எத்தனை பருப்பு என்று சொல்லவும் முடியும். காயின் இடுப்பைப் பார்க்க வேண்டும். ஒரு இடம் ஒடுங்கியிருந்தால் இரண்டு பருப்பு. இரண்டு இடம் ஒடுங்கியிருந்தால் மூன்று. இடுப்பே இல்லாமல் உருண்டையாக இருந்தால் ஒத்தை. விதைக்கு ஆகாது, வாயில் போட்டுக்கொள்ளலாம்.

இதை அவளுக்கு விளையாட்டாக ஆக்கினேன். கையில் காயை வைத்துக்கொண்டு, "எவ்ளோ?" என்பேன். அவள் விரலால் இடுப்பைத் தடவிப் பார்த்துச் சொல்லுவாள். பிறகு உடைத்துச் சரிபார்ப்பாள். ஒன்றிலிருந்து இரண்டு காய், மூன்று காய் என்று ஏற்றினேன்.

"மூணு காய். மல்லாட்டை எவ்ளோ?"

"ஆறு!"

"இப்போ அஞ்சு காய்."

"இரு, இரு... இது ரெண்டு இடுப்புக் காய்மா, ஏமாத்தற நீ!"

நிஜமாகவே ஏமாற்றத்தான் ஒரு மூன்று பருப்புக் காயை நடுவில் வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முறத்தில் பரப்பியிருக்கிற காயைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தாள். அந்த மார்கழி மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் காலையில் அவள் வாயிலிருந்து சித்தி என்று ஒரு தடவைகூட வரவில்லை.

பிறகு வந்தது. "இத சித்திக்கு சொல்லித் தரணும்மா. அவங்க ஸ்கூல்ல இது இல்ல."

"வேணாம். இது நமக்குள்ள" என்றேன்.

"ஏன்?"

"நமக்குள்ளன்னா நமக்குள்ளதான்."

தை பிறந்து ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்கக் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் புதுச் சட்டை வாங்கி வந்துவிட்டார். நானும் மகளும் பஸ்ஸில் போனோம். தங்கச்சி வாசலிலேயே நின்று மகளைத் தூக்கிக்கொண்டாள். மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மல்லாட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டாளோ என்று தங்கச்சி முகத்தையே பார்த்தேன்.

பெரிய மேடம் நல்லவர். கண்ணாடி போட்டு, காட்டன் புடவை கட்டி, பிள்ளையோடு தரையிலேயே உட்கார்ந்தார். நான் பின்னால் ஒரு நாற்காலியில். தங்கச்சி கதவோரம் நின்றாள். மணி கோர்க்கச் சொன்னார், கோர்த்தாள். கலர் பிரிக்கச் சொன்னார், பிரித்தாள். தண்ணீரை ஜக்கிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். மேடம் தங்கச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். தங்கச்சி முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மகள் கையைவிட்டுப் போயேவிட்டாள் என்று தோன்றியது. ஜூன் மாதம் ஒரு பையோடு அவளை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறுகிற மாதிரி கண்ணில் தெரிந்தது.

மேடம் படம் போட்ட அட்டைகளை எடுத்தார். முதல் அட்டையில் மூன்று வேர்க்கடலை, தோட்டோடு.

"இது என்ன கண்ணு?"

"மல்லாட்டை."

"வேர்க்கடலைன்னும் சொல்லலாம். எத்தனை இருக்கு?"

மகள் அட்டையைக் கிட்டே இழுத்தாள். ஒவ்வொரு காயின் இடுப்பிலும் விரலை வைத்து எடுத்தாள். படம் போட்டவன் இடுப்பை நன்றாகப் போட்டிருந்தான்.

"ஆறு."

"நல்லாப் பாத்து எண்ணு."

திரும்பவும் விரலை வைத்து எடுத்தாள். "ஆறு மேடம்."

"மூணுதானே இருக்கு?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை அது. 'நீ சொல்லும்மா' என்கிற பார்வை.

மேடமும் என்னைப் பார்த்தார். "வீட்ல எண்ணறதுக்கு சொல்லிக்குடுத்திருக்கீங்களாம்மா?"

ஒரு வாக்கியம் போதும். 'அவ பருப்ப எண்றாங்க மேடம்.' அவ்வளவுதான். அவர் சிரித்திருப்பார், மகளைக் கட்டிக்கொண்டிருப்பார், அந்தச் சீட்டை அப்போதே எழுதியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்லங்க மேடம். நான் படிக்கலைங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

பயத்தில் சொல்லிவிட்டேன் என்றால் யாரும் நம்புவார்கள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நம்புவார்கள். ஆனால் பஸ், கத்தரிக்கோல், தண்ணீர், மழை என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அந்த ஒரு நிமிடம் மட்டும் பயப்படவே இல்லை. தெளிவாக, யோசித்துத்தான் சொன்னேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அடுத்த அட்டையைக் காட்டினார், நாலு ஆப்பிள். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிளி. திறக்கவில்லை. மேடம் தட்டிக்கொடுத்து, மிட்டாய் கொடுத்து அனுப்பினார். "கை ரொம்ப அழகா வேலை செய்யுதும்மா. எண்ணிக்கைதான் இன்னும் வரல. ஒரு வருஷம் யூகேஜில உக்காரட்டும். அவசரமில்ல" என்றார். டீச்சர் வீட்டுச் சீட்டு ஒன்றாவதுக்கு மட்டும்தான். யூகேஜியை நாங்கள் திண்டிவனத்திலேயே படிக்கலாம்.

தங்கச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். "பரவால்லக்கா" என்றதோடு சரி. பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். மயிலம் தாண்டும்வரை அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மிச்சமிருந்த அரை மூட்டையோடு உட்கார்ந்தேன். கூப்பிட்டேன், வந்தாள். "நாலு காய், எவ்ளோ?" என்றேன். அவள் காயைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா. எவ்ளோ சொல்லணும்?"

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். டம்ளரில் தண்ணீர் ஊற்றுமுன் என் முகத்தைப் பார்த்தாள். பட்டன் போடுமுன் பார்த்தாள். நானே, நானே என்ற பிள்ளை "ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். எட்டு நாள் கழித்துப் பால்வாடி டீச்சர் என்னை நிறுத்தினார். "இன்னாம்மா, பாப்பா எது கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குது? எழுப்பி நிறுத்துனா அழுவுது. ஊட்ல எதனா அடிச்சீங்களா?"

எழுப்பி நிறுத்தினால் அழுகிறாள். அது என் வியாதி. என் எட்டாவது வகுப்பு. அதை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கவில்லை. "அவ சரியாதான் சொன்னா" என்றேன்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"பருப்ப எண்ணினா. இடுப்புல வெரல வெச்சா பாரு, அப்பவே தெரியும். நானும் உன்கூட ஒக்காந்து ஒரே மொறத்துல ஒடச்சவதானே. உனக்கு அது மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. திருவாமாத்தூர்ப் பக்கம் எங்கள் அம்மா வீட்டில் மார்கழி முழுக்க நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உடைத்திருக்கிறோம். இடுப்பு பார்க்கிறதை அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். இத்தனை நாளும் அதை நானே கண்டுபிடித்து என் மகளுக்கு மட்டும் கொடுத்த மாதிரி மறைத்து வைத்திருந்தேன்.

"தெரிஞ்சா நீ ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன். நீ தெரியாதுன்னுட்டே. அதுக்கு மேல நான் பூந்து சொல்லி அவள இஸ்துக்கினு வந்தா, நீ என் மூஞ்சில முழிப்பியா? ஒரு சீட்டுக்காக எனக்கு அக்கா இல்லாம போவணுமா?"

வெட்கப்பட வேண்டிய இடம் அது. வெட்கப்பட்டேன்தான். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இதிலும் இவளே பெரியவளாகிவிட்டாளே என்று பொறாமைதான் வந்தது.

"லிஸ்டு இன்னும் ஒட்டல" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமதான். இப்ப சொன்னாகூட மேடம் சேத்துக்குவாங்க. நான் சொல்லட்டுமா?"

சுவரில் மகளின் புதுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை.

"வேணாம். என்னால உட முடியாது. இங்கயே படிக்கட்டும்."

"சரி. அப்ப அத அவகிட்ட சொல்லு. எங்கிட்ட இல்ல. அவ தப்பா சொன்னதால சீட்டு போச்சுன்னு நெனச்சிக்கினு இருக்கா புள்ள. போன வெச்சிட்டு மொதல்ல போயி சொல்லு."

மகள் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னிக்கு நீ சொன்னது சரி. ஆறுதான்."

என் முகத்தைப் பார்த்தாள். "மேடம் மூணுன்னாங்களே."

"மேடம் தோட்ட எண்ணினாங்க. நீ பருப்ப எண்ணின. ரெண்டுமே சரிதான். உனக்கு நான்தான் அப்டி சொல்லிக்குடுத்தேன்."

"அப்ப நீ ஏன் ஒண்ணும் தெரியாதுன்ன?"

வேறு எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். ஐந்து வயசுப் பிள்ளை, நம்பிவிடும். "சொன்னா நீ சித்தி ஊட்டுக்கே போயிடுவேன்னு. நீ சித்திகிட்ட போறது எனக்குப் புடிக்கல."

"சித்திய உனக்குப் புடிக்காதா?"

"புடிக்கும். உனக்கு அவங்கள ரொம்பப் புடிக்குதுல்ல, அதான் புடிக்கல."

அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கல்லிலிருந்து இறங்கினாள்.

"நீ பொய் சொன்னேன்னு சித்திக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போனக் குடு. நான் சித்திகிட்ட பேசணும்."

கொடுத்தேன். போடத் தெரியாதே என்று நம்பரை அழுத்தப் போனேன். "நீ தள்ளும்மா" என்று வாங்கிக்கொண்டாள். தங்கச்சி போட்டோவை விரலால் தேடி, அழுத்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் அவள் சத்தமாகச் சிரித்தது கேட்டது.